டி கம்பி ஏன் முறைக்கிறது? – பேஸ் கிட்டார் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கம்பியைப் பற்றியவை. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபங்களைச் சுருக்கவில்லை. கீழே 45, 105 என்று வரும் எண்கள் கம்பியின் தடிமன். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் எத்தனை பங்கு என்ற கணக்கு. நாலு கம்பிகளின் பெயர், தடித்ததிலிருந்து மெல்லியது வரை, ஈ, ஏ, டி, ஜி. செட்டின் எண்கள் மெல்லிய ஜியிலிருந்து தொடங்கும்.

கேள்வி: என்னுடையது 34 அங்குல நீளமுள்ள நாலு கம்பி பேஸ். 45-65-80-100 செட் போட்டிருக்கிறேன். ஈ கம்பி தொளதொளவென்று ஆடுகிறது. டி கம்பியோ விரலைப் பார்த்து முறைக்கிறது. கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைத் திருகியாயிற்று, உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜை ஏற்றி இறக்கியாயிற்று. கோளாறு கருவியிலா, என் கையிலா?

பதில்: இரண்டிலும் இல்லை, பாக்கெட்டில் இருக்கிறது. அதையும் கோளாறு என்று சொல்ல முடியாது, நெடுநாள் பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு கம்பியை எவ்வளவு இழுத்துக் கட்ட வேண்டும் என்பதை மூன்றே விஷயங்கள் தீர்மானிக்கின்றன. நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் பள்ளமுள்ள துண்டு) சாடில் வரை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) உள்ள நீளம், கம்பியின் எடை, நீங்கள் ஏற்றும் சுருதி. இந்த விவகாரத்தில் ட்ரஸ் ராடுக்கு ஓட்டுரிமை கிடையாது. உங்கள் கருவியில் நாலு கம்பிக்கும் நீளம் ஒன்றுதான். சுருதியும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஈ வினாடிக்கு 41.2 அதிர்வு, ஏ 55, டி 73.4, ஜி 98. ஒவ்வொரு கம்பிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் ஷட்ஜத்திலிருந்து சுத்த மத்யமத்துக்கு உள்ள தூரம். அதாவது மேலே போகப் போக மூன்றில் ஒரு பங்கு வேகம் கூடுகிறது.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நாலு கம்பியும் ஒரே அளவு இழுக்க வேண்டுமென்றால், கீழே இறங்க இறங்கத் தடிமனும் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டும். ஜி 45 என்றால் டி 60, ஏ 80, ஈ 107. உங்கள் பாக்கெட்டில் இருப்பது என்ன? டி 65. இருக்க வேண்டியதைவிடச் சுமார் 17 சதவீதம் அதிக இழுப்பு. ஈ 100. இருக்க வேண்டியதைவிடச் சுமார் 12 சதவீதம் குறைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டி கம்பி ஈ கம்பியைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இழுக்கிறது. உங்கள் விரல் இதைப் பாக்கெட்டைப் படிக்காமலே கண்டுபிடித்துவிட்டது. (நடுவே ஓடும் உள்கம்பி, அதன்மேல் ஏறிய சுற்று ஆகியவற்றின் விகிதத்தைப் பொறுத்து இந்த எண்கள் ஒன்றிரண்டு சதவீதம் இப்படி அப்படி நகரும். சண்டைக்கு வர வேண்டாம்.)

தீர்வு எளிது. உதிரிக் கம்பியாக 60 டி ஒன்று, 105 ஈ ஒன்று வாங்கிப் போடுங்கள். அல்லது சமமான இழுவிசைக்கென்றே கணக்கிட்ட செட்டுகள் விற்கின்றன. டி'அடாரியோ நிறுவனத்தின் அந்த வகை செட் 45-60-80-107 என்றே வருகிறது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 60 போட்டால் டி கம்பி ஒல்லியாகக் கேட்கிறது, 65-இன் கனம்தான் வேண்டும் என்று சொல்லும் நல்ல வாத்தியக்காரர்கள் உண்டு. அவர்களோடு நான் வாதாடுவதில்லை. அவர்கள் காதைக் கேட்டு வாங்குகிறார்கள், நீங்கள் விரலைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: எங்கள் பாடகருக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை என்று எல்லாப் பாட்டையும் அரைக் கட்டை இறக்கிவிட்டோம். சில நிகழ்ச்சிகளில் ஒரு கட்டை. 45-100 செட் வைத்திருக்கிறேன், கம்பி கயிறாகிவிட்டது. என்ன போடுவது?

பதில்: அரைக் கட்டை இறக்கினால் இழுவிசை 11 சதவீதம் போய்விடும். ஈ கம்பியை 100-லிருந்து 105-க்கு மாற்றினால் 10 சதவீதம் திரும்பக் கிடைக்கும். ஏறக்குறைய கணக்கு நேர். ஒரு கட்டை இறக்கினால் போவது 21 சதவீதம். அதற்கு 50-லிருந்து 110 வரை போகும் செட் சரியாக இருக்கும்.

இரண்டுக்கும் நடுவே மாறி மாறி வாசிப்பவர் என்றால் அரைக் கட்டைக்குத் தகுந்த கம்பியைப் போட்டுக்கொண்டு, மற்ற நாளில் கொஞ்சம் மென்மையாக மீட்டுங்கள். தடித்த கம்பி நட்டின் பள்ளத்தில் முழுதாக உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே தொத்திக்கொண்டு நின்றால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். அதை ஊசி அரம் வைத்திருப்பவரிடம் விடுங்கள். அகலமாக்கத் தொடங்கிய கை ஆழமாக்கிவிடும், பிறகு புது நட்தான் போட வேண்டியிருக்கும்.

கேள்வி: ஃபிளாட்வவுண்ட் என்றால் மென்மை என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல விலை கொடுத்து வாங்கி மாட்டினேன். விரல் நுனிக்கு மழமழவென்று இருக்கிறது, ஆனால் கம்பி அசைய மறுக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. தோலுக்கு மென்மை வேறு, இழுப்புக்கு மென்மை வேறு. கடைக்காரர் முதலாவதைச் சொன்னார், நீங்கள் இரண்டாவதைக் கேட்டுக்கொண்டீர்கள்.

சாதாரண ரவுண்ட்வவுண்டில் உள்கம்பியைச் சுற்றி உருண்டைக் கம்பி ஓடுகிறது. சுற்றுக்குச் சுற்று இடைவெளி இருப்பதால்தான் விரல் நகரும்போது கிறீச்சிடுகிறது. ஃபிளாட்வவுண்டில் மேல் சுற்று தட்டையான நாடா. இடைவெளி குறைவு, அதே தடிமனுக்குள் உலோகம் அதிகம், எனவே எடை அதிகம். எடை கூடினால் அதே சுருதிக்கு இழுப்பும் கூடும். போதாததற்கு, ஒட்டி ஒட்டி இருக்கும் நாடாச் சுற்று வளைவதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆகவே உங்கள் விரல் சந்திப்பது இரண்டு எதிரிகளை. ஒன்று இழுவிசை. இன்னொன்று விறைப்பு, அதாவது கம்பி வளைய மறுக்கும் குணம். ஒரே எடையைத் தாங்கிக்கொண்டு தொங்கும் நைலான் கயிற்றையும் இரும்புக் கம்பியையும் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், நான் சொல்வது கைக்குப் புரியும். பாக்கெட்டில் அச்சாகும் எண் முதல் எதிரியைப் பற்றி மட்டும்தான் பேசும். இரண்டாவதைப் பற்றி அது வாயே திறக்காது. உள்கம்பி அறுகோணமா உருண்டையா என்பதும் இந்த இரண்டாவது கணக்கில்தான் சேரும். பொதுவாக உருண்டை உள்கம்பி கொஞ்சம் இணங்கிப் போகும்.

ஃபிளாட்வவுண்டிலேயே இரண்டு துருவங்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவன இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் போட்டது லா பெல்லா நிறுவனத்தின் தடித்த ஃபிளாட்வவுண்ட். அந்த செட் இன்றும் 52-லிருந்து 110 வரை என்று விற்கிறது. அதை அவர் பெரும்பாலும் ஒற்றை ஆட்காட்டி விரலால் மீட்டினார் என்பதை நினைத்தால் எனக்கு விரல் வலிக்கிறது. மறுதுருவம் தோமாஸ்டிக் இன்ஃபெல்ட் நிறுவனத்தின் ஜாஸ் ஃபிளாட்: 43-56-70-100. டி 56, ஏ 70 என்பதைக் கவனியுங்கள். விரல் வைத்தால் வழிவிடும், கொஞ்சம் ஆடவும் செய்யும். ரவுண்ட்வவுண்டில் இருந்து வருபவர் பலருக்கு அந்த ஆட்டமே பிடிக்காமல் போகிறது.

நீங்கள் வாங்கிய செட்டின் பெயரை எழுதவில்லை. ஈ 105-க்கு மேல் இருந்தால் முதல் வகைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். கழற்றி எறியாதீர்கள். அரைக் கட்டை இறக்கி ஒரு வாரம் வாசித்துப் பாருங்கள். ஃபிளாட்வவுண்டின் ஆரம்பப் பளபளப்பு அடங்குவதற்கும் அந்த அவகாசம் உதவும். அப்போதும் கை ஒப்பவில்லை என்றால் மெல்லிய செட்டுக்கு மாறுங்கள். இன்னொன்று: ஃபிளாட்வவுண்ட் என்றாலே பழைய பாட்டு, மெதுவான பாட்டு என்று நினைப்பவர்களுக்கு. அயர்ன் மெய்டன் ராக் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் குதிரைப் பாய்ச்சலில் வாசிப்பது 50-லிருந்து 110 வரையுள்ள ஃபிளாட்வவுண்டில்தான்.

கேள்வி: கம்பியைப் பிரிட்ஜில் மாட்டாமல் உடலின் பின்புறத் துளை வழியாகக் கோத்தால் இழுவிசை கூடுமாமே?

பதில்: கூடாது. நட்டுக்கும் சாடிலுக்கும் நடுவே நீளம் மாறவில்லை, கம்பி மாறவில்லை, சுருதி மாறவில்லை. பிறகு எதைக் கொண்டு கூடும்? சாடிலில் வளைவு கூர்மையாகும், சாடிலுக்குப் பின்னால் கம்பி கொஞ்சம் நீளும். அதனால் தொடுகையில் மாறுதல் தெரிகிறது என்று சிலர் சொன்னால் மறுக்க மாட்டேன். தடித்த ஃபிளாட்வவுண்டை மட்டும் அந்தக் கூர்மையான வளைவில் மடக்காதீர்கள், சுற்று விரிந்துவிடும்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. விரல் எட்டட்டும் என்று 30 அங்குல பேஸ் வாங்கிக் கொடுத்தோம். வீட்டில் அவள் மாமாவின் பெரிய பேஸுக்கான புதுக் கம்பி ஒரு செட் இருக்கிறது. வெட்டிப் போட்டுக்கொள்ளலாமா, ஐயா?

பதில்: வேண்டாம், அம்மா. இரண்டு காரணம்.

முதலாவது, கம்பியின் கோடியில் அது மெலிந்து, பெரும்பாலும் பட்டு நூல் சுற்றி முடியும். சுருதித் தண்டில் சுற்ற வேண்டியது அந்த மெல்லிய பகுதி. நீளக் கம்பியைச் சிறிய கருவியில் போட்டால் முழுத் தடிமனுள்ள பகுதி தண்டில் போய் மடங்கும். அறுகோண உள்கம்பியுள்ள ரவுண்ட்வவுண்ட் சில நேரம் பொறுத்துக்கொள்ளும். மற்றவை சுற்று விலகி, அன்றே உயிரை விட்டுவிடும். இரண்டாவது, 34 அங்குலத்தில் சரியாக இருந்த கம்பி 30 அங்குலத்தில் 22 சதவீதம் தளர்ந்துவிடும். மாமாவின் பேஸை ஒரு கட்டை இறக்கி இரண்டாவது ஃபிரெட்டிலிருந்து (ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) வாசித்தால் எப்படி இருக்குமோ ஏறக்குறைய அப்படி. பிள்ளைக்கு இந்தத் தளர்ச்சி ஓரளவு நல்லதுதான், விரல் நோகாது. ஆனால் ஈ கம்பி ஃபிரெட்டில் மோதி இரைந்தால் தான் வாசிப்பது தப்போ என்று பயந்துவிடுவாள்.

சிறிய நீளத்துக்கென்று செய்த 45-105 செட் வாங்குங்கள். வாங்கும் முன் பழைய கம்பி ஒன்றில், உருண்டை முனையிலிருந்து நட் வரை நூல் பிடித்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் சொல்லும் சுற்று நீளம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். வயலின் உருவ பேஸ் என்றால் இந்த அளவு மிக முக்கியம். அதில் கம்பி பிரிட்ஜைத் தாண்டி வால்துண்டில் போய் மாட்டுவதால், 30 அங்குலக் கருவிக்கே நீளமான கம்பி தேவைப்படும்.

கேள்வி: ஐந்து கம்பி பேஸ் வாங்கினேன். கீழ் பி கம்பி மட்டும் சேற்றில் நடப்பதுபோல் இருக்கிறது. 130 போட்டிருக்கிறேன். 145 போட்டால் சரியாகுமா?

பதில்: முதல் பதிலில் போட்ட கணக்கை இன்னொரு படி இறக்குங்கள். ஈ 107 என்றால், அதே இழுப்புக்கு பி 142 வேண்டும். 130 என்பது அதைவிட 16 சதவீதம் தளர்வு. அப்படியானால் செட் செய்பவர்கள் ஏன் 125, 130, 135 என்று நிறுத்திக்கொள்கிறார்கள்? கம்பி தடிக்கத் தடிக்க விறைப்பும் ஏறுகிறது. விறைத்த கம்பியில், ஆதார அதிர்வின் இரண்டு, மூன்று மடங்கில் எழ வேண்டிய மேல் அதிர்வுகள் தம் சுருதியைவிடச் சற்று ஏறி ஒலிக்கின்றன. வினாடிக்கு 31 அதிர்வுகூட இல்லாத ஒரு ஸ்வரத்தை நம் காது அடையாளம் கண்டுகொள்வது பெரிதும் அந்த மேல் அதிர்வுகளை வைத்துத்தான். அவை கலைந்தால் சுருதியே கலங்கிக் கேட்கும். 145 போட்டால் விரலுக்கு உறுதி கிடைக்கலாம், காதுக்குச் சேறு இன்னும் ஆழமாகலாம்.

135-இல், சாடிலில் உட்காரும் இடத்தில் மட்டும் மெலிந்து வரும் வகையை முதலில் முயலுங்கள். உண்மையான மருந்து நீளம். 35 அங்குலம் 6 சதவீதம் கொடுக்கும். டிங்வால் நிறுவனத்தின் பேஸ்களில் ஃபிரெட்டுகள் விசிறிபோல் விரிந்து, பி கம்பிக்கு 37 அங்குலமும் ஜி கம்பிக்கு 34 அங்குலமும் கிடைக்கின்றன. 37 அங்குலத்தில் பி கம்பிக்கு 18 சதவீதம் கூடுதல் இழுப்பு, தடிமன் ஏறாமலே. இதற்காகக் கருவியை மாற்றச் சொல்லவில்லை. குறை உங்களுடையதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

கேள்வி: இரண்டு மணி நேரம் வாசித்தால் முன்கை பிடித்துக்கொள்கிறது. 40-லிருந்து தொடங்கும் மெல்லிய செட் போட்டால் சரியாகும் என்கிறார் நண்பர். பணம் போட்டு வாங்கிய பிறகு பிடிக்காவிட்டால்?

பதில்: தம்பி, வாங்காமலே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. இருக்கும் கம்பிகளை அரைக் கட்டை இறக்குங்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒன்றாக அழுத்தும் கிளிப்) போடுங்கள். கேப்போ இல்லையென்றால் முதல் ஃபிரெட்டையே நட் என்று பாவித்துக்கொள்ளுங்கள். சுருதி பழையபடி, ஆனால் இழுப்பு 11 சதவீதம் குறைவு. 105-க்குப் பதில் 100 போட்டதற்கு ஏறக்குறையச் சமம். ஒரு கட்டை இறக்கி இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ போட்டால் 21 சதவீதம் குறைவு. அது 45-க்குப் பதில் 40 போட்டதற்குச் சமம். தடித்த கம்பி எப்படி இருக்கும் என்று அறிய விரும்புபவர் கொஞ்ச நேரத்துக்கு அரைக் கட்டை ஏற்றிப் பார்க்கலாம். என்னிடம் எந்த செட் வாங்குவது என்று கேட்பவர் யாராக இருந்தாலும் முதலில் இதைச் செய்துவிட்டு வரச் சொல்கிறேன். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை, தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது, ஆம்ப்ளிஃபையரின் ஒலியைக் கூட்டிவிட்டு மெதுவாக மீட்டிப் பாருங்கள். பலர் தங்கள் காதுக்குக் கேட்கவில்லை என்பதற்காகக் கம்பியோடு மல்லுக்கட்டுகிறார்கள். மீட்டும் இடமும் முக்கியம். பிரிட்ஜ் பக்கம் போகப் போகக் கம்பி கெட்டியாகத் தெரியும், கழுத்துப் பக்கம் வர வர இளகும். மெல்லிய கம்பி அகலமாக ஆடும். அதே பலத்தோடு அடித்தால் ஃபிரெட்டில் மோதும். ஆகவே கம்பியை மாற்றினால் கையையும் மாற்ற வேண்டும். விரல் மரத்துப்போகிறது, இரவில் வலி எழுப்புகிறது என்றால் இந்தப் பத்தியை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பழைய கம்பியைக் கொதிக்கும் நீரில் போட்டால் புதிதாகிவிடுமா?

பதில்: புதிதாகாது, குளித்துவிட்டு வரும். ரவுண்ட்வவுண்ட் சுற்றுகளுக்கு நடுவே படிந்த வியர்வையும் தோலும் கரைந்து சில நாளுக்குப் பிரகாசம் திரும்பும். உடனே நன்றாக உலர்த்தாவிட்டால் உள்கம்பி துருப்பிடிக்கும். ஃபிளாட்வவுண்டுக்கு இந்தச் சடங்கே தேவையில்லை. ஜேமர்சன் அறுந்தால் தவிரக் கம்பி மாற்ற மாட்டார்.

கேள்வி: ஃபிரெட் இல்லாத பேஸில் ரவுண்ட்வவுண்ட் போட்டால் பலகை அரித்துவிடும் என்கிறார்கள். ஃபிரெட் இல்லாத பேஸுக்கே பேர்போன ஜாக்கோ பாஸ்டோரியஸ் போட்டாரே?

பதில்: போட்டார், ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் ஸ்விங் பாஸ் கம்பி. அதற்காகவே விரல்பலகை முழுவதும் எபாக்ஸி என்ற கெட்டிப்படும் பிசின் பூசி வைத்திருந்தார். பூச்சை விட்டுவிட்டுக் கம்பியை மட்டும் பின்பற்றினால் பலகையில் கோடு விழும், எஃகுச் சுற்றில் சீக்கிரம், நிக்கல் பூசியதில் கொஞ்சம் தாமதமாக. பூச்சில்லாத மரத்துக்கு ஃபிளாட்வவுண்ட், அல்லது கறுப்பு நைலான் நாடா சுற்றியது. நைலான் என்றதும், கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் பிடிக்கும் பிக்கப் வேலை செய்யாது என்று பயப்பட வேண்டாம். உள்ளே இருப்பது எஃகுதான், காந்தத்துக்கு அது போதும்.

கேள்வி: 50-110-லிருந்து 45-100-க்கு மாறினேன். விரலுக்குச் சுகம். ஆனால் முதல் நாலு ஃபிரெட்டில் மட்டும் கரகரவென்று இரைகிறது. பிரிட்ஜை ஏற்றினேன், மேல் ஃபிரெட்டுகளில் கம்பி உயர்ந்து வாசிக்கவே முடியவில்லை. புதுக் கம்பியில் பழுதா?

பதில்: பிரிட்ஜைப் பழைய இடத்துக்கு இறக்குங்கள். நாலு கம்பியும் சேர்ந்து ஒரு பேஸின் கழுத்தை 70, 80 கிலோ அளவுக்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன. மெல்லிய செட்டுக்கு மாறியதும் அதில் ஒரு பங்கு விலகிவிட்டது. ட்ரஸ் ராட் மட்டும் பழைய இழுப்புக்கே எதிர் இழுத்துக்கொண்டிருக்கிறது. கழுத்து நேராகி, பின்னாலும் சாய்ந்திருக்கும். முதல் சில ஃபிரெட்டில் மட்டும் இரைச்சல் வருவதற்கு வழக்கமான காரணம் இதுதான்.

சுருதி சேர்த்த நிலையில், வாசிக்கும்போது பிடிப்பதுபோல் கருவியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈ கம்பியை இடக்கையால் முதல் ஃபிரெட்டிலும், வலது முழங்கையால் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்துங்கள். வலக்கை விரல் ஒன்றை நீட்டி, ஏழாவது ஃபிரெட்டுக்கு மேலே கம்பியைத் தட்டுங்கள். கம்பி கீழே இறங்கி ஃபிரெட்டைத் தொட்டு 'டிக்' என்ற சிறு சத்தம் வர வேண்டும். அந்த இடைவெளி 0.3 மில்லிமீட்டர் அளவு இருந்தால் பெரும்பாலான கைகளுக்குப் போதும். சத்தமே வரவில்லை, கம்பி ஏற்கெனவே ஃபிரெட்டில் படுத்திருக்கிறது என்றால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. ட்ரஸ் ராடை இடப்பக்கமாகக் கால் சுற்று தளர்த்துங்கள், அதற்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். மறுபடி சுருதி சேர்த்துத் தட்டிப் பாருங்கள். மறுநாளும் ஒரு முறை பாருங்கள், சில கழுத்துகள் சாவகாசமாகத்தான் நகரும். திருகு அசைய மறுத்தால் பலம் காட்டாமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

கழுத்து சரியான பிறகுதான் சாடில் உயரம். அதற்குப் பிறகுதான் 12-வது ஃபிரெட்டில் ஸ்தாயி சரிபார்ப்பது. மாற்றிய செட் உருண்டை உள்கம்பியுள்ளது என்றால், அடுத்த முறை கோடியை வெட்டும் முன் கம்பியைச் செங்கோணத்தில் மடக்கிவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் சுற்று பிரிந்துவிடும்.